ரவியின் படத்துக்குப் பூமாலை வேண்டாம்

மூத்த மகளின் பெடியன் இங்கை வெளிநாட்டில், ஒடென்சே நகரத்தில் இஞ்சினியருக்குப் படிக்கிறான். அவன்ரை தங்கச்சி தாதிப் படிப்புப் பாஸ். கடைக்குட்டி நேற்று நீச்சலில் மெடல் எடுத்தவள். அஞ்சாம் வகுப்போடை நின்ற எனக்கு இது பெரிய சந்தோசம்.

என்ரை கடைசி மகன் ரவி மட்டும் வன்னியில். சண்டை முடிஞ்சுது என்று செய்தியில் சொல்லி ஒரு கிழமை. அவனிடமிருந்து போன் இல்லை.

இன்று பிரெடெரிசியா நகரத் தமிழ்க் கடையில், ரவியோடு ஊரில் காலேஜில் படித்த மூன்று பேர் நின்று வாதாடினார்கள். காலேஜ் புட்போல் டீமில் இதுவரை பின்வரிசையில் நின்று மறித்தவர்களில் ஆர் பெரிய ஆள் என்று.

"சேகர் மலை மாதிரி நிண்டவன்."

"போடா, அவன் பந்தை விட்டுட்டு ஆளையெல்லோ உதைக்கிறவன்! ரவியைத் தாண்டி ஆரும் போனவங்களோ?"

கடைசியில் மூன்று பேரும் ரவிதான் என்றார்கள். அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்ற எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அப்ப எங்கடை காலேஜ் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு அவன்ரை படத்தைப் பெரிசாக்கி வைப்பம். பூமாலை என்ரை பொறுப்பு" என்றான் குகன்.

திரும்பினவன் என்னைக் கண்டுவிட்டான். "ஐயோ, அன்ரி..."

"மாலை வேண்டாம் தம்பி. அவனைத் தாண்டி ஒருத்தரும் போகேல்லை எண்டு இப்பதானே சொன்னனீங்கள்" என்றேன்.

என்னிடம் இருப்பது, இந்தப் பதிவோடை போட்டிருக்கிற மீசை முளைக்காத காலத்துப் படம்தான். சண்டையில் தப்பின சனத்தை வைச்சிருக்கிற முகாமில் ஆராவது அவனைக் கண்டால், புதுப்படம் ஒன்று இதற்குக் கீழே போடுங்கோ. தாடியோடை மெலிஞ்சு நிண்டாலும் அவனை ஏசமாட்டன்.