கச்சான் காற்றுக்கு அசையாத டென்ட்

முதலில் ஒரு மன்னிப்பு. நம் பேட்ச் குரூப்பில் இத்தனை நாளும் மற்றவர்கள் எழுதியதை வாசித்து, லைக் போட்டுவிட்டுப் போனவள் நான். இது கொஞ்சம் நீளமாக வந்துவிட்டது...

மண்ணெண்ணெய், ஈர வலை, வெயிலில் காயும் மீன். மூன்றும் கலந்த வாசம்.

திருகோணமலைப் பக்கம் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம். கேம்பஸில் கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு ரிஸ்னா, தர்ஷினி, நான் மூன்று பேரும் அங்கே டென்ட் போட்டுத் தங்கினோம். தர்ஷினியின் சித்தப்பா அங்கே மீன் பிடிக்கிறவர். அவருடைய வீட்டு வளவின் கடற்கரை ஓரத்தில்தான் டென்ட். அதனால்தான் மூன்று வீட்டிலும் விட்டார்கள்.

ஒரு வேலையும் இல்லை. காலையில் வள்ளங்கள் வரும், ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்கும். நாங்கள் படுத்தே கிடப்போம். விடிந்த பிறகும் படுத்திருக்கலாம் என்பதே எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் அம்மா கொழுந்து எடுக்கப் போகுமுன் எல்லோரும் எழும்பியாக வேண்டும்.

ஆனால் அதை அவர்களிடம் சொல்லவில்லை.

வீடு எங்கே என்று யார் கேட்டாலும் "கண்டி" என்பேன். கண்டியில் எங்கே என்று, கண்டிக்குப் பக்கத்து அக்குறணைக்காரி ரிஸ்னா விடமாட்டாள். தீபாவளிக்கு வரவா என்பாள். வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்பேன். நான்கு வருடமும் எங்கள் வீட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள்...

மடுல்கெல்லவில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்றே ஒன்றுதான் எங்கள் வீடு. அது தெரிந்தால் இவர்கள் என்னைப் பார்க்கிற விதம் மாறிவிடும் என்று பயம்.

இரண்டாம் நாள் பின்னேரம் கரையிலிருந்து கடல் பக்கமாக மேற்குக் காற்று கிளம்பியது. மணலில் அடித்த ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

"பிடியடி! கடலுக்கை போகப்போகுது!" தர்ஷினி கத்தினாள்.

டென்டுக்குள்ளிருந்து ரிஸ்னா தலையை நீட்டினாள். "அல்லாஹ்வே, நான் உள்ளுக்கு ஈக்கிறேன்டி! என்னையும் சேத்துப் புடிங்க!"

சித்தப்பா ஓடிவந்தார். "கச்சான் காத்து, பிள்ளையள். மணலிலை ஆணி நிக்காது. கழட்டிப்போட்டு வீட்டுக்கை வாங்கோ."

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது.

"சித்தப்பா, வெறும் சாக்கு ஆறு தருவீங்களா? கயிறும் வேணும்."

ஒவ்வொரு சாக்கிலும் பாதிவரை மணல் நிரப்பி, வாயைக் கட்டி, டென்டின் இரு பக்கமும் மும்மூன்றாக வைத்தேன். மூன்று கயிறுகளை டென்டுக்கு மேலால் எறிந்து, ஒவ்வொன்றின் இரு முனையிலும் மூட்டைகளை முடிச்சுப் போட்டு, இழுத்துப் புதைத்தேன்.

டென்ட் உப்பியது, படபடவென்று அடித்தது... நகரவில்லை!

சித்தப்பா கயிற்றை இழுத்துப் பார்த்தார். "இந்த முடிச்சு எங்கையம்மா பழகினனீ?"

கண்டி என்று சொல்ல வாயெடுத்தேன். கண்டி டவுனில் யார் இதைக் கட்டுகிறார்கள்?

"எங்க லயத்துல. மடுல்கெல்ல தோட்டம். தகரக் கூரை காத்துல போகாம இருக்க அப்பா மேல ஏறி மூட்டை போடுவாரு, நான் கீழ நின்னு முடிச்சுப் போடுவேன்."

தர்ஷினியும் ரிஸ்னாவும் என்னையே பார்த்தார்கள். டென்டைவிட்டு வெளியே வந்திருந்த ரிஸ்னா இடுப்பில் கை வைத்தாள்.

"அப்ப நாலு வருஷமா பெயின்ட் அடிச்சது எந்த ஊட்டுக்குடி?"

தர்ஷினி மணலில் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான்.

மறுநாள் காலை, வள்ளத்தில் வந்த ஆட்களையெல்லாம் சித்தப்பா கூட்டிவந்து காட்டினார். "மலைநாட்டுப் பிள்ளை கட்டினது. அசையேல்லை, பாருங்கோ!" நான் தலை குனிந்து நின்றாலும் உள்ளுக்குள் ராணி. அவர்கள் போனதும் திரும்பப் படுத்து, ஒன்பது மணி வரை தூங்கினேன்.

இப்போது கண்டியில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. ரிஸ்னா அக்குறணையில் படிப்பிக்கிறாள், தர்ஷினி யாழ்ப்பாணத்தில். மூன்று பேரும் ஒன்றாகப் படுத்துத் தூங்கி எவ்வளவோ நாளாகிவிட்டது... அப்போது ஊர் கேட்டாலே வியர்த்துப் போவேன். வேலைக்கான இன்டர்வியூவில் சொந்த இடம் எது என்றார்கள். "மடுல்கெல்ல தோட்டம்" என்றேன். குரல் நடுங்கவில்லை.

ஊர்ப் பெயரைச் சொல்லத் தைரியம் வந்தது. ஆட்களைக் கூப்பிடத்தான் இன்னும் வரவில்லை. உண்மையில் அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ரிஸ்னா, தர்ஷினி... இந்த வருஷப் பிறப்புக்கு எங்கள் வீட்டுக்கு வாங்க. கண்டியில் மடுல்கெல்ல பஸ்ஸில் ஏறுங்க, நான் ரோட்டில் வந்து நிற்பேன். நெருக்கித்தான் படுக்க வேண்டும். அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன்.

வருவீங்களா?