மூன்றே பேர் மிஞ்சிய குழு

ஒரு காலத்தில் நாற்பத்து மூன்று பேர் இருந்த வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் மட்டும் மிஞ்சியபோது அதை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த மூன்று பேரில் ஒருத்தி நான். இன்னொருவன் என் தம்பி. ஆரம்பத்தில் ஆள் கணக்குக்காக நான் சேர்த்துவிட்டவன். அப்படியொரு குழுவில் தான் இருப்பதே அவனுக்குத் தெரியாது. மூன்றாவது ஆள் யாரென்று எனக்கும் தெரியாது. முகப்புப் படத்தில் முருகனின் வேல் இருக்கும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. என் போனில் அந்த எண்ணை 'வேல் படம்' என்றுதான் பதிந்து வைத்திருந்தேன்.

குழு தொடங்கிய கதை ரொம்பச் சின்னது. பென்னலூரில் எங்கள் வீடு. அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. கார்களுக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்ற வேண்டும். லைனில் எனக்குப் பக்கத்தில் நின்று டேப் சுற்றியவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். இரண்டு பேருமே அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். படித்துக்கொண்டிருந்தோம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. ஷிஃப்ட் முடிந்து வந்து புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது பக்கத்திலேயே கண் சொருகிவிடும்.

"ஏட்டி, தெனமும் பத்தே பத்து கேள்வி. அதுக்கு மேல நம்மால ஆகாது" என்றாள் அவள். அந்த வாரமே குழு பிறந்தது. தினம் ஒருவர் முறை வைத்துப் பத்துக் கேள்வி போட வேண்டும், மற்றவர்கள் தூங்கப் போவதற்குள் பதில் போட வேண்டும், மறுநாள் கேட்டவரே சரியான விடையைச் சொல்ல வேண்டும். லைனில் இருந்தவர்கள் சேர்ந்தார்கள். அவர்களுடைய அறைத்தோழிகள் சேர்ந்தார்கள்.

நான்தான் அட்மின். கண்டிப்பான அட்மின். ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்பியவர்களை முதல் தடவை எச்சரித்தேன், இரண்டாம் தடவை தூக்கிவிட்டேன். "நீ என்ன ஹெச்.ஆர். மாதிரி பண்ணுத" என்று அவளே கேலி செய்வாள். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

பிறகு ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கத்தில் யாரும் நிரந்தரமாக இருக்க வருவதில்லை என்பது எனக்குத் தெரியாததா? ஒப்பந்தம் முடியும், ஊருக்குப் போவார்கள். கல்யாணம் நிச்சயமாகும், போவார்கள். படிப்பது ஒத்துவரவில்லை என்று சிலர் விடுவார்கள். ஒவ்வொரு தடவையும் குழுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி விழும், இன்னார் வெளியேறினார் என்று. ஒரு மாதக் கடைசியில் ஒரே நாளில் ஏழு வரிகள் விழுந்தன. ஒரு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மொத்தமாகக் கிளம்பிய நாள் அது. ஏழு பேரில் ஒருத்தியாவது 'வரேங்க்கா' என்று போடுவாள் என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அடுத்த வருடத் தேர்வில் திருநெல்வேலிக்காரி தேறினாள். நான் தேறவில்லை. கேன்டீனில் லட்டு கொடுத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் சந்தோஷப்பட்டேன், பொறாமையும் பட்டேன். இரண்டில் எதையும் மறைக்கத் தெரியாத முகம் எனக்கு. அவளும் பார்த்திருப்பாள். ஏதோ ஒரு தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த அதே வாரம் அவள் பெயரிலும் சாம்பல் வரி விழுந்தது. நாலு வருடம் பக்கத்தில் நின்றவள், ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது. போன் செய்து கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவள் செய்யட்டும் என்று வீம்பாக இருந்தேன். அவளும் செய்யவில்லை.

போனவர்களுடைய முறை எல்லாம் என் தலையில் விழுந்தது. எட்டு மாதம் நான் ஒருத்தியே தினம் பத்துக் கேள்வி போட்டேன், நானே மறுநாள் விடையும் போட்டேன். இடையில் அடுத்த தேர்வு வந்தது. அதிலும் தேறவில்லை. பதில் போடுகிறவர்கள் குறைந்து, கடைசியில் யாருமே போடவில்லை. வேல் படம் மட்டும் தவறாமல் படிக்கும். யார் எப்போது படித்தார்கள் என்று செய்தியை அழுத்திப் பார்த்தால், ஒரு வாரம் பிற்பகல் மூன்றரைக்கு அந்த எண்ணுக்கு நேரே நீல டிக் விழுந்திருக்கும், அடுத்த வாரம் இரவு பதினொன்றுக்கு, அதற்கடுத்த வாரம் காலை ஏழரைக்கு. ஷிஃப்டில் இருக்கிற ஆள் என்று மட்டும் புரிந்தது. ஆனால் பதில் வராது. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று போனைப் பார்த்தே திட்டியிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் புதிய தேர்வுக்கான அறிவிப்பு வந்தது. விண்ணப்பிக்கப் பத்து நாள்கூடப் பாக்கியில்லை. இந்தத் தடவை விண்ணப்பிப்பதில்லை, படிப்பையும் குழுவையும் சேர்த்து மூடிவிடுவது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றாள்.

"அத்தெல்லாம் இன்னாத்துக்குக் கட்டிக்கினு கீற?"

"பழைய பேப்பர்காரருக்கு."

"ரெண்டு வாட்டி போச்சின்னா வுட்டுருவியா?"

"ஆமா, வுட்டுருவேன். டேப் சுத்தறது இன்னா கேவலமா?"

அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று குனிந்து முடிச்சுப் போட்டேன். டேப் சுற்றுவது கேவலமில்லைதான். ஆனால் அறுபது வயதுவரை அங்கே நிற்க என் முதுகு ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும்.

'வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு இந்தக் குழு மூடப்படும்' என்று குழுவில் போட்டேன். அது வேல் படம் பிற்பகலில் படிக்கிற வாரம். மூன்றரைக்கு அந்த எண்ணுக்கு நேரே டிக் நீலமானது. அடுத்த நிமிடம் வேல் படத்திலிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

'அக்கா மூடிராதீக. நாங்க இருக்கோம்.'

நாங்களா? போன் செய்தேன். தயங்கித் தயங்கி ஒரு பெண் பேசினாள். ஒரகடத்தில் ஒரு பெண்கள் விடுதியில் இருக்கிறாளாம், சிவகங்கைப் பக்கமாம். "ஒரு தடவ வந்து பாருங்கக்கா. வல்லக்கோட்டை போற ரோட்டுலதான். ஞாயித்துக்கெழம எல்லாரும் இருப்போம்" என்றாள். போய்ப் பார்த்துவிட்டே மூடுவோம் என்று நினைத்தேன். எட்டு மாதம் படித்துவிட்டுச் சும்மா இருந்தவளை நேரில் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதற்கும் மனம் வரவில்லை.

ஞாயிறு காலை ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். மூன்று மாடி விடுதி. மொட்டை மாடிக் கொடியில் நாலு கம்பெனிச் சீருடைகள் நாலு நிறத்தில் காய்ந்துகொண்டிருந்தன. வேல் படம் வாசலுக்கு வந்து நின்றாள். இருபத்திரண்டு வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "நீங்க ஒசரமா இருப்பீகன்னு நெனச்சேங்க்கா" என்றாள். வார்டனிடம் சொல்லிவிட்டு இரண்டாம் மாடிக்குக் கூட்டிப்போனாள்.

அறையில் ஆறு இரட்டைக் கட்டில்கள், பதினோரு பெண்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தேன். பழைய மாதக் காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி, அதில் என் கேள்விகளைக் கையால் எழுதியிருந்தார்கள். எட்டு மாதக் கேள்விகள். இடம் போதாமல் தாளின் மேல் தாளாகத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஏ, பி, சி என்று ஷிஃப்டுக்கு ஒன்றாக மூன்று கட்டங்கள், அவற்றில் சின்னச் சின்ன எழுத்தில் பதில்கள், கையெழுத்துகள்.

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் லைனிலும் இதே பலகைதான். ஷிஃப்ட் முடித்துப் போகிறவர்கள் முடிந்தது எது, பாக்கி எது என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்து வருகிறவர்கள் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷினைத் தொடலாம். அதற்குப் பெயர் ஹேண்ட் ஓவர். இந்தப் பதினோரு பேரும் மூன்று ஷிஃப்டிலும் சிதறிக் கிடக்கிறவர்கள், எல்லோரும் ஒன்றாக விழித்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். சிவகங்கைக்காரி வேலை முடிந்து வந்து போனைத் திறந்து பத்துக் கேள்வியையும் தாளில் எழுதி வைப்பாள். மற்றவர்கள் வரவர, எழஎழ, அவரவர் கட்டத்தில் பதில் எழுதுவார்கள்.

"ஒரு நாளாவது குரூப்ல பதில் போட்டிருக்கலாமே. நான் பாட்டுக்கு தனியா கத்திக்கினு இருந்தேன்" என்றேன்.

"பதினோரு பேரு பதில நா ஒருத்தி எப்பிடிக்கா போடுறது? குரூப்ல சேர இவுகளுக்குப் பயம், நீங்க ரொம்பக் கோவக்காரகன்னு வேற சொன்னாக."

"யாரு சொன்னது?"

"இந்தக் கட்டில்ல எனக்கு முன்னாடி இருந்த அக்கா. ஒப்பந்தம் முடிஞ்சு ஊருக்குப் போறப்ப எனக்கு லிங்க்க அனுப்பி, நா சேந்ததப் பாத்துட்டுத்தான் அவுக குரூப்ப விட்டுப் போனாக."

ஏழு வரிகள் விழுந்த அந்த நாளில், ஒருவர் சேர்ந்தார் என்று எட்டாவதாக ஒரு வரியும் விழுந்திருக்கிறது. நான் போனவர்களை எண்ணிக்கொண்டிருந்ததில் அது என் கண்ணில் படவே இல்லை.

சில கேள்விகளின்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. என்னவென்று கேட்டேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தாள். "உங்க விடைக்கு ரெட் டேக் போட்டுருக்கோம்க்கா" என்றாள் கட்டிலின் மேல்தட்டில் உட்கார்ந்திருந்த மதுரைப் பெண். தொழிற்சாலையில் பழுதான பொருளுக்கு ஒட்டுவது அது. ஒன்பது இருந்தன. வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டு 1806. நான் 1860 என்று போட்டிருந்தேன். அது கை தவறியது என்று சமாளித்தேன். ஆனால் சதவீதக் கணக்கு ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கவில்லை, சத்தமாகவே வாதாடினேன். மதுரைப் பெண் இறங்கி வந்து பள்ளிப் பாடப் புத்தகத்தைத் திறந்து, பொறுமையாகப் போட்டுக் காட்டினாள். என் வழிமுறையே தப்பு. அதே வழியில்தான் இரண்டு தேர்விலும் அந்த மாதிரிக் கணக்குகளைப் போட்டிருந்தேன். நீ சொல்வது தப்பு என்று சொல்ல ஓர் ஆள்கூட இல்லாமல் எட்டு மாதம் படித்திருக்கிறேன்.

ஆனாலும் வந்த காரியத்தைச் சொன்னேன். எனக்கு அலுத்துவிட்டது, இன்றோடு மூடப்போகிறேன் என்றேன்.

யாரும் கெஞ்சவில்லை. சிவகங்கைக்காரி லைனில் பக்கத்து ஆளிடம் பேசுகிற அதே சாதாரணக் குரலில் சொன்னாள்: "சரிக்கா, நீங்க போறதுன்னா போங்க. போறப்ப கேள்வி போடுற வேலைய எங்கள்ல யாருக்காச்சும் ஹேண்ட் ஓவர் பண்ணிட்டுப் போங்க. லைன் நிக்கக் கூடாதுல்ல."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வார்த்தை சொல்லாமல் போனார்கள் என்று நாற்பது பேர்மேல் வருடக்கணக்காகக் கோபம் சுமந்தவள் நான். யாரிடமும் எதையும் ஒப்படைக்காமல் கிளம்பப் பார்த்தவளும் நான்தான். அந்தக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். கூச்சமாக இருந்தது, நிறுத்தத்தான் முடியவில்லை. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

"நீங்க அப்ளை பண்ணிட்டீகளாக்கா?" என்று மதுரைப் பெண் கேட்டாள்.

"இல்லமா. இந்த வாட்டி எழுதல. ரெண்டு தடவ போச்சு."

"எங்க கம்பெனில ஒரு பீஸ மூணு தடவ ரீவொர்க் பண்ணலாம்க்கா. அதுக்கப்பறந்தான் ஸ்கிராப்பு" என்றாள். அறை முழுக்கச் சிரித்தது. நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன்.

அங்கேயே என் விண்ணப்பத்தைப் போட்டார்கள். ஒருத்தி வாசித்தாள், ஒருத்தி தட்டினாள், ஒருத்தி ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து "ஓகே" சொன்ன பிறகே அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். பிறந்த தேதியை என்னிடம் மூன்று தடவை கேட்டார்கள். புதிய புகைப்படம் வேண்டும், பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். அந்த அறையில் வெறும் சுவர் எங்கே இருக்கிறது? எல்லா இடமும் கேள்வி. இரண்டு பேர் கட்டிலின் மேல்தட்டில் ஏறி ஒரு வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடித்தார்கள், அதற்கு முன்னால் என்னை நிறுத்தினார்கள்.

"சிரிக்காதீகக்கா, ரிஜெக்ட் ஆயிரும்" என்றாள் சிவகங்கைக்காரி.

நாலு படம் வீணானது. ஐந்தாவதில் எப்படியோ வாயை மூடிக்கொண்டு நின்றேன். கண் சிவந்து, மூக்கு வீங்கி, தலை கலைந்து ஒரு படம். அதைத்தான் ஏற்றினோம். அடுத்த மாதம் தேர்வு. நாங்கள் பன்னிரண்டு பேர் எழுதுகிறோம். நேற்று ஹால் டிக்கெட் வந்தது. அந்த மூஞ்சியைப் பார்த்து அம்மா, "போட்டோல இன்னாடி இப்டி கீற, அழுதியா?" என்றாள். ஆமாம் என்றேன்.