அலுமாரிக்குப் பின்னால் பாதிக் கப்பல்

காலை எட்டு மணி. தண்டவாளத்தில் மண் விழுந்துவிட்டதாம். இலங்கை மலைநாட்டில் பதுளை போகவேண்டிய ரயில் தெமோதரையோடு நின்றுவிட்டது. காரைக்குடிக்காரனான எனக்குப் பழைய வீடு பார்க்கும் பைத்தியம் உண்டு. பதுளைக்கு வெளியே, மலைச்சரிவில், ஒரு வியாபாரி வீட்டுச் சுவர் முழுக்கச் சித்திரம் என்று கேள்விப்பட்டு வந்தவன், இந்த அடைமழையிலா கிளம்புவது என்று என்னையே திட்டிக்கொண்டு நின்றேன்.

ஆட்டோக்காரர் செல்வராஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். ஆயிரத்தைந்நூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசத் தெம்பில்லை. ரோடு எப்படி என்றுதான் கேட்டேன்.

“ரோடு நல்லாத்தாங்க இருக்கு. மேலேருந்து வர்றதத்தான் சொல்ல முடியாது.”

அதற்கப்புறம் வழியெல்லாம் தேயிலையை எங்கே பார்த்தேன்? மேட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒன்பதரைக்கு வீடு. மரத்தூண்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், வாசலில் கட்டிவைத்த மூட்டைகள். வீட்டுக்காரர் ஹனிபா டவுனில் துணிக்கடை வைத்திருக்கிறார். மூட்டை கட்டியது கைக்குழந்தையோடு நின்ற அவர் மகள் நஸ்ரினா. மண்சரிவு எச்சரிக்கை வந்துவிட்டது, டவுனில் மாமி வீட்டுக்குப் போய்விடலாம் என்று விடிந்ததிலிருந்து கெஞ்சுகிறாள். அவர் அசைவதாக இல்லை.

“எங்கட வாப்பாட வாப்பா கட்டின வீடு. ஒரு கீறல் ஈக்கா, நீங்களே பாருங்க” என்றார் என்னிடம்.

கண்ணுக்கு எட்டியவரை கீறல் இல்லைதான். கூடம் முழுக்க ரோஜாக்கொடி, திராட்சைக் குலை, காப்பிச்செடி; மனிதரோ மிருகமோ கிடையாது. மேட்டுப்பக்கச் சுவரில், அவர் பாட்டனார் காயல்பட்டினத்திலிருந்து ஏறிவந்த கப்பல். அதன் பின்பாதியை ஓர் அலுமாரி மறைத்திருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? முழுக் கப்பலையும் பார்க்க முடியுமா என்றேன்.

ஹனிபாவுக்கு ஒரே சந்தோஷம். செல்வராஜும் அவருமாக அலுமாரியை இழுத்தார்கள்.

கப்பலைப் பிளந்துகொண்டு, தரையிலிருந்து என் தோள் உயரத்துக்கு வெடிப்பு. இரண்டு விரல் உள்ளே போகும். மழைக்காற்று அதன் வழியே முகத்தில் அடித்தது. சட்டென்று வாசல் பக்கம் இரண்டடி நகர்ந்துகொண்டேன். சொல்வதில் வெட்கம் என்ன?

“இந்தச் செவத்தடியிலதான், வாப்பா, புள்ள தூங்குற” என்றாள் நஸ்ரினா, மெதுவாக.

ஹனிபா வெடிப்பில் கை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பி, “படம் எடுத்தீங்களா?” என்று கேட்டார். ஓடிவிடத்தான் எனக்குத் தோன்றியது. இருந்தாலும் ஒன்று எடுத்தேன்.

“எங்களுக்கும் அனுப்புங்க” என்றார்.

தாயும் பிள்ளையும் மூட்டைகளும் ஏறியதும் ஆட்டோ நிறைந்துவிட்டது. நாங்கள் நடந்து வருகிறோம் என்று செல்வராஜை அனுப்பிவைத்தேன். ஹனிபா கதவைச் சாத்திப் பூட்டைக் கையில் எடுத்தார். சாவி திரும்பவில்லை. மேலே எங்கோ கல் உருளும் சத்தம்.

எங்கள் ஊர்ப்பக்கம் தெருத்தெருவாகப் பூட்டிய மாளிகைகள்தான். ஆளில்லாத வீடெல்லாம் ஒரு வீடா என்று ஒவ்வொரு பூட்டின் முன்னாலும் அலுத்துக்கொண்டவன் நான். இங்கே, இந்த மனிதர் சீக்கிரம் பூட்டித் தொலைக்கமாட்டாரா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருவழியாகப் பூட்டு விழுந்தது. திருடன் வந்துவிடக் கூடாதே என்று, அதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.