ராணி போட்ட கம்பளி வளையம்

பட்டாசு ஆலையில் நடந்த விபத்தில் என் மனைவிக்குக் கழுத்து வெந்துபோனது. பருத்திச் சேலை காயவில்லை என்று அன்று நைலான் சேலை கட்டிப் போயிருந்தாள். அது உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு அவள் தெருவில் இறங்கவில்லை. விருதுநகரில் அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. வரமாட்டேன் என்றாள். அந்தச் சமயத்தில் டிவி சீரியலில் பனிநாட்டு ராணி ஒருத்தி கழுத்தில் தடித்த கம்பளி வளையம் போட்டு வந்தாள்.

"அது மாதிரி ஒன்னு இருந்தா நானும் நாலு பேரு முன்னால போயிருவேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு மனது கேட்கவில்லை.

விருதுநகரில் ஒரு நூல்கடையில் ஒரே பெண்களாக நின்றார்கள். அவர்கள் போகும்வரை கூச்சத்தில் பட்டன் பார்ப்பதுபோல் நின்றேன். பிறகு உல்லன் நூலும் கொக்கி ஊசியும் கைகாட்டி வாங்கினேன். வேறொன்றும் கேட்கவில்லை.

செல்போனில் ஒரு அம்மாள் செய்து காட்டியதைப் பார்த்துப் பின்னினேன். சரவெடி பின்னிய கை; இறுகித்தான் வரும். முதல் வளையம் அவள் தலைக்குள் நுழையவில்லை.

"கழுத்துக்குப் பின்னுறீகளா, ஆயிரம் வாலா பின்னுறீகளா? பிரிங்க."

மூன்று முறை பிரித்தேன். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது முடிந்தது. போட்டுக்கொண்டு வெகுநேரம் கண்ணாடி பார்த்தாள். தழும்பு தெரியவில்லை.

"ராணி மாதிரி இல்ல. வண்டிமாடு மாதிரி இருக்கு. சரி, எம்புட்டு மணிக்குக் கெளம்பணும்?"

சொல்லிக்கொண்டே அதைத் தடவிப் பார்த்தவள், "இது பருத்தியாங்க?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. மிச்சமிருந்த நூலில் ஒரு துண்டை விளக்கில் காட்டினாள். பருத்தியோ அசல் கம்பளியோ என்றால் சாம்பலாகும். இது நைலான்போலச் சுருண்டு, கறுப்பு மணியாக உருகி, விளக்கின் விளிம்பில் ஒட்டியது.

அவள் வளையத்தைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"தெரியாமத்தான செஞ்சீக" என்றாள்.

பட்டாசு ஆலையில் இருபது வருஷம் வெடிமருந்தோடு புழங்கியவன் நான். என்ன நூல் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கல்யாணத்துக்குத் தனியாகப் போனேன். கேட்டவர்களிடம் அவளுக்கு மேலுக்கு முடியவில்லை என்று சொன்னேன். திரும்பி வந்தபோது வளையத்தை முழுவதும் பிரித்து உருண்டையாகச் சுற்றி வைத்திருந்தாள்.

"பருத்தியில தடி நூலு இருக்கான்னு கேட்டீகளா?"

நான் கேட்கவில்லை. மண்டபத்திலிருந்து அந்தக் கடை நாலு எட்டுதான். வாசல்வரை போனேன். உள்ளே பெண்கள் நின்றார்கள்.