நிசாம்தீன் நானா ஒளிக்காத பழைய புரொசசர்

நேர்மையான ஒரு மனிதரை நாங்கள் கள்ளன் ஆக்கினோம். பழைய சாமானைப் புதிது என்று சொல்லி எங்கள் சனசமூக நிலையத்தின் தலையில் கட்டிவிட்டார் என்று கதை பரப்பினோம். அது பொய். அதைத் திருத்தாமலே அவரை அடக்கம் செய்ய விட்டோம். அவரை முதலில் சந்தேகப்பட்டவன் நான். ஆகவே இதை எழுத வேண்டியவனும் நான்தான்.

செய்தி வந்தபோது தண்ணீரூற்றுச் சந்தியில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு நின்றேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத் அறிவித்தல், மரணச் செய்தி, போனது. முதலில் தகப்பனின் பெயர், பிறகு நிசாம்தீன் என்று அவருடைய பெயர். கேட்ட பிறகும் வேறு நிசாம்தீனாக இருக்கும் என்றே நினைத்தேன். எதையும் ஒரு தரத்தில் நம்பி எனக்குப் பழக்கமில்லை. சைக்கிள் கடைக்காரர் என் கையிலிருந்த பம்பை வாங்கி வைத்தார்.

"கொம்பியூட்டர் நானாதான் ஐயா. விடியத் தொழுதிட்டு வந்து கதிரையில இருந்தவராம். பிறகு எழும்பேல்லை."

அவரை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காக ஒரு விடயம் மட்டும் சொல்கிறேன். இடம்பெயர்ந்து நீண்ட காலம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். தகரக் கூரை போட்ட ஒரு கடையில் கணினி திருத்தினார். எந்தப் பாகத்தை மாற்றினாலும் கழற்றிய பாகத்தை ஒரு பையில் போட்டு உரியவரிடம் கொடுத்துவிடுவார். "கழட்டினது உங்கட சாமான். கொண்டுபோய் வேற ஆளிட்டயும் காட்டிப் பாருங்கோ" என்பார். யாரும் காட்டுவதில்லை. நான் ஒருமுறை கிளிநொச்சி வரை கொண்டுபோய்க் காட்டினேன். உண்மையில் எரிந்த பாகம்தான். திரும்பி வந்து அவரிடமே அதைச் சொன்னேன். "பஸ்ஸில போய் வந்தீங்களோ? சொல்லியிருந்தா நான் மோட்டச்சைக்கிள்ல ஏத்திப் போயிருப்பனே" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

எங்கள் நிலையத்தில் நடக்கும் வேலையையும் சொல்ல வேண்டும். சண்டைக் காலத்தில் பொலித்தீன் பைக்குள் சுற்றி, இடுப்பில் கட்டி, சனங்கள் காப்பாற்றிக் கொண்டுவந்த கடதாசிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம். அவற்றைப் படமாக எடுத்து, எழுத்துகளைக் கணினியே வாசித்து, பெயரைத் தட்டினால் பத்திரம் வரும்படி செய்கிறோம். நான்கு பெண் பிள்ளைகள் நான்கு திரைகளின் முன்னால் இருப்பார்கள். நான்கு திரைக்கும் ஒரே கணினிதான். அந்தக் கணினியைப் பாகம் பாகமாகப் பூட்டித் தந்தவர் நிசாம்தீன் நானா.

தந்து ஒரு வருடத்தில் அதன் காற்றாடி தூசியடைத்துச் சத்தம் போட்டது. நான் எவரிடமும் படித்தவன் அல்ல. தண்ணீர்ப் பம்பும் ரேடியோவும் கழற்றிப் பூட்டி, பிறகு புத்தகம் பார்த்துக் கணினி பழகியவன். ஆகவே நானே கழற்றினேன். கணினியின் மூளையான புரொசசருக்கு மேலிருந்த பசையைத் துடைத்தபோது அதில் பொறித்த எழுத்துத் தெரிந்தது. கொப்பியில் எழுதிக்கொண்டுபோய் இணையத்தில் தேடினேன். ஏதோ நிறுவனத்தின் சேர்வர் என்ற பெரிய கணினியில் வேலை செய்வதற்காகப் பத்து வருடங்களுக்கு மேல் முந்திச் செய்யப்பட்டது. நிலையத்தின் பற்றுச்சீட்டுகள் கிடக்கிற கோவையை எடுத்துப் பார்த்தேன். "புரொசசர், பதினான்கு கோர்" என்று மட்டும் ரைப் பண்ணியிருந்தது. பழையது என்று ஒரு சொல் இல்லை.

அவருடைய கடை நிலையத்தில் இருந்து கூப்பிடு தூரம். நடந்துபோய்க் கேட்டிருக்கலாம். நான் நேரே நிலையத் தலைவரிடம் போனேன்.

நிர்வாகசபைக் கூட்டத்துக்கு அவரை அழைத்தோம். சேட்டின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ஓம், பழசுதான். நான் இல்லையெண்டு சொன்னனானோ? எழுத்தில தந்தனான்" என்றார்.

செயலாளர் கோவையைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். அவர் அந்தத் தாளைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இது நான் எழுதினதில்லை."

"ரைப் பண்ணின பிரதி நானா. அதில உங்கட கையெழுத்தைத் தேடுறியளோ?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் தாளை வைத்துவிட்டு, ஏன் பழையதைப் போட்டார் என்று விளங்கப்படுத்தினார். எங்களுக்கு இருந்த வசதிக்குப் புதிதில் வாங்கினால் மலிவான, நான்கு கோர் உள்ள புரொசசர்தான் வரும். சேர்வரில் இருந்து கழற்றியது என்றால் பதினான்கு கோர் வரும். கோர் என்றால் உள்ளே இருந்து வேலை செய்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளலாம்.

"புதுசில நாலு பேர். நல்ல கெட்டிக்காரர். பழசில பதினாலு பேர், கொஞ்சம் ஆறுதலான ஆக்கள். ஒரு கடிதம் எழுதவெண்டா ஒரு கெட்டிக்காரன் காணும். வயலில நெல்லு அருவி வெட்டுக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டோ போவியள்?"

"கறண்ட் கூடக் குடிக்குமே?" என்று நான் கேட்டேன்.

"குடிக்கும் ஐயா. அதில உங்களோட சண்டை பிடிக்கேலாது."

அதில் நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். பழையது மின்சாரம் கூடக் குடிக்கிறது, கூடச் சூடாகிறது. அதன் றாம், அதாவது நினைவகம், தனக்குள் வரும் பிழையைத் தானே கண்டு திருத்தும் வகை என்றும், காணி இலக்கங்கள் கிடக்கிற கணினிக்கு அது வேண்டும் என்றும் சொன்னார். அப்படித் திருத்தியதை நான் கண்ணால் காணவில்லை. ஆகவே அதற்கு நான் சாட்சி சொல்லமாட்டேன்.

அடுத்த மாதம் வவுனியாவில் இருந்து புதிய கணினி வந்தது. முத்திரை உடைக்காத பெட்டி. மலிவான நான்கு கோர் புரொசசர்தான், ஆனால் புதியது. யார் சொல்லி, எந்தக் கூட்டத்தில் தீர்மானித்து அது வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். வயலுக்குப் பம்ப் வாங்கும்போது நாங்கள் இரண்டு பம்பை வைத்து எது முதலில் வாளியை நிரப்புகிறது என்று பார்ப்போம் அல்லவா? அதே முறை. ஒரு பத்திரம், ஒரே ஒரு பக்கம். பக்கத்தைத் தெரிந்தெடுத்தவர் தலைவர். மணிக்கூட்டைப் பிடித்தவரும் அவரே. புதியது முதலில் முடித்தது. கை தட்டினார்கள்.

"நூறு பக்கம் போடுங்கோ. நாலு பிள்ளையளையும் இருத்திப்போட்டுப் பாருங்கோ" என்றார் நிசாம்தீன் நானா.

"நானா, தோத்தாப்பிறகு இன்னும் ரெண்டு சுற்று ஓடுவம் எண்டு கேக்காதேங்கோ" என்றார் தலைவர்.

நானும் சிரித்தேன். பழைய கணினி அன்றைக்கே களஞ்சிய அறைக்குள் பிளாஸ்டிக் கதிரைகளுக்குப் பின்னால் போனது. கதை ஊர் முழுக்கப் போனது. அவரிடம் கணினி திருத்தக் கொடுத்த பாடசாலைகள் வேறு ஆளைப் பிடித்தன. கடைக்கு முன்னால் எப்போதும் நிற்கும் சைக்கிள்கள் குறைந்தன. சிலர் கழற்றிய பாகங்களின் பையை இப்போதுதான் வீட்டிலே திறந்து பார்த்தார்களாம்.

புதிய கணினியையும் நான் நம்பவில்லை. நான்கு பிள்ளைகளும் ஒன்றாக வேலை தொடங்கினால் அது திணறியது. "ஐயா, நாங்கள் முறை வைச்சுத்தான் செய்யிறம்" என்றாள் ஒருத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, களஞ்சியக் கதவின் திறப்பு என்னிடம் இருந்ததால், பழையதைத் தூசி தட்டி எடுத்துவந்து வயர்களைப் பூட்டினேன். அதே நூறு பக்கங்களை இரண்டிலும் போட்டேன். பழையது முடித்து நின்றபோது புதியது பாதியைத் தாண்டவில்லை. நம்பாமல் வேறு நூறு பக்கம் போட்டேன். அதே முடிவு. ஒரு பக்கம் என்றால் புதியது முந்துகிறது, பல பக்கம் என்றால் பழையது முந்துகிறது. அவர் சொன்னது சொன்னபடி. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். மின்சார மானி எவ்வளவு ஓடியது என்பதையும் எழுதினேன், அந்த ஒன்றிலாவது நான் சொன்னது சரியாக இருந்ததால்.

பிறகு பழையதைத் திரும்பக் கதிரைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன். கொப்பி என் அலுமாரிக்குள் போனது. ஆறு மாதம் அங்கேயே இருந்தது. நான் பிழைவிட்டேன் என்று என் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. வேறு காரணம் இல்லை.

இடையில் ஒருநாள் அவருடைய கடைக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பிளேன்ரீ தந்தார்.

"ஐயா, பெட்டி என்ன செய்யுது?"

"களஞ்சியத்துக்க கிடக்கு."

"பின்பக்கம் ஒரு ஓட்டை இருக்கு. எலி பூந்திடும். ஒரு தகரத்தை வெட்டி அடைச்சு விடுங்கோ."

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். வெளிக்கிடும்போது அவரே சொன்னார்:

"நீங்க சந்தேகப்பட்டதில பிழையில்லை ஐயா. நானும் சந்தேகப்படுற ஆள்தான். என்னட்டக் கேக்காம சந்தேகப்பட்டீங்களே, அதுதான்."

அப்போதும் நான் சொல்லவில்லை. "தகரம் இருந்தாத் தாங்கோ" என்றேன். அளந்து வெட்டித் தந்தார்.

அடக்கத்துக்கு முன்பு அவருடைய மகன் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான். "வாப்பா ஆருக்கும் மனம் நோக நடந்திருந்தா அல்லாவுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று கேட்டான். அது அவர்களுடைய வழமை. தலைவர் நின்றார், செயலாளர் நின்றார், நான் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய நாங்கள் மூவரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சில நாட்களின் பின் அவருடைய மூத்த மகள் ஆள் அனுப்பி என்னை அழைத்தாள். கடையின் பில் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தாள். "உம்மா இதை உங்களிட்டக் காட்டச் சொன்னவா. கடைக்கு வந்து கேக்கிற ஆளுக்குத்தான் காட்டுவன் எண்டு வாப்பா வைச்சிருந்தவர்." காபன் பிரதி. நீல எழுத்து மங்கவில்லை. "புரொசசர் பாவித்தது. சேர்வரில் இருந்து கழற்றியது. புதிது அல்ல." கீழே நிலையத்தின் சார்பில் பெற்றுக்கொண்டவராகச் செயலாளரின் ஒப்பம்.

செயலாளரிடம் போனேன். எங்கள் நிலையத்தில் கையெழுத்தில் வருகிற எந்தத் தாளையும் கோவையில் போடுவதில்லை. பார்வையிட வருகிறவர்கள் துப்புரவான தாளைத்தான் விரும்புவார்கள் என்று ரைப் பண்ணிப் போட்டுவிட்டு மூலத்தைக் கிழித்துவிடுவோம். "அது சாமான் இல்லை, குறிப்புத்தானே ஐயா. அதை ரைப் பண்ணாம விட்டிட்டன்" என்றார். மறதி என்கிறார். ஒப்பம் வைத்த கை எப்படி மறந்தது, கூட்டத்தில் அந்த மனிதர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது ஏன் நினைவு வரவில்லை என்று கேட்டேன். மறதி என்பதை நான் முழுதாக நம்பவில்லை.

இப்போது நிலைய வாசலில் நானாவுக்கு ஒரு பதாகை கட்டியிருக்கிறார்கள். "நேர்மையின் சிகரமே" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. உயிரோடு இருந்தவருக்குச் சொல்லாத சொல் இவ்வளவு சுகமாக எப்படி வந்தது? எங்களில் யாரும் நிமிர்ந்து பார்க்காமல் கடந்துபோகத்தான் அதை அவ்வளவு உயரத்தில் கட்டினார்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். சந்தேகத்தை நான் விடப்போவதில்லை. ஆனால் இனி எவரையும் சந்தேகப்பட்டால் முதலில் அவருடைய வீட்டு வாசல் படலையில் போய் நின்று அவரிடமே கேட்பேன்.

செய்ய வேண்டியவை இவை. தலைவர் அந்தப் பதாகையை அவிழ்த்துவிட்டு, அதே சொல்லைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நூறு பக்கச் சோதனையை நான்கு பிள்ளைகளையும் இருத்தி, ஊரார் முன்னால், மணிக்கூட்டை வேறொருவர் கையில் கொடுத்துத் தலைவரே நடத்த வேண்டும். செயலாளர் அந்தக் காபன் பிரதியைப் படம் எடுத்து, ரைப் பண்ணாமல், இருந்தபடியே கோவையில் போட வேண்டும். நானாவிடம் வேலை கொடுப்பதை நிறுத்திய பாடசாலை அதிபர்களுக்கு நிலையம் கடிதம் எழுத வேண்டும். கடையை இப்போது அந்த மகள்தான் திறக்கிறாள். பழைய கணினியைக் களஞ்சியத்திலிருந்து தூக்கிவந்து பிள்ளைகளின் மேசைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது நிர்வாகசபை. நான் செய்ய வேண்டியது, வருகிற பொதுக்கூட்டத்தில் கொப்பியோடு எழுந்து நின்று, ஆறு மாதம் அதை ஒளித்து வைத்தவன் நான் என்று சொல்வது. அந்த மகளை முன்வரிசையில் இருத்திவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும்.