ஷைனி கடைசியாக எப்போது சாப்பிட்டாள்?

1. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்து மண் பாதையில் நானும் தோழி ஷைனியும் சைக்கிளில் கிளம்பினோம்.

2. முதல் பதினெட்டு கிலோமீட்டர் எல்லாம் சரி. அவள் முன்னால், நான் பின்னால்.

3. கடைசி நாலு கிலோமீட்டர் ஏற்றம். அதன் இரண்டாவது வளைவில் ஷைனி இறங்கினாள். சைக்கிளைச் சாய்த்துக்கூட வைக்கவில்லை. அப்படியே போட்டுவிட்டு ஒரு ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்தாள்.

4. "ஏட்டி, எனக்க காலு நா சொல்லதக் கேக்க மாட்டங்குது" என்றாள். உதடு வெளுத்திருந்தது.

5. அவள் பையைத் திறந்தேன். காலையில் நான் கொடுத்த அவித்த நேந்திரம்பழம் இரண்டும் சுற்றிய இலை பிரியாமல் இருந்தன. ஒன்றை ஊட்டினேன். பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டாள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் பந்தயம் போய்விட்டது.

ஐந்தாவதைத்தான் நான் யோசித்திருக்க வேண்டும். 'வழியில் தின்ன நேரம் இருந்திருக்காது' என்று நினைத்துக்கொண்டு, மீதிப் பழத்தோடு பையை மூடினேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் ஆரல்வாய்மொழிக் காற்றாலையில் வேலை பார்ப்பது தெரியும். பழுது பார்ப்பது, பதிவேட்டில் எழுதுவது, மறுபடியும் பழுது பார்ப்பது. மலைச் சைக்கிள் ஓட்டுவதை இதுவரை எழுதியதில்லை. மூன்று வருடமாக ஓட்டுகிறேன். ஓட்டக் கூட்டிப்போனவள் ஷைனி. கடற்கரைக்காரி. நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன்.

எங்கள் சைக்கிள் குழு இந்த வருடம் நீலகிரியில் நடக்கும் ஜோடிப் பந்தயத்துக்கு ஆள் அனுப்புகிறது. ஆண்கள் ஜோடி தேர்வாகிவிட்டது. பெண்கள் ஜோடிக்கு நாங்கள் இருவர் மட்டுமே. தேர்வு விதி எளிது. இருவரும் இருபத்திரண்டு கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பின்னால் வருபவரின் நேரம்தான் கணக்கு. மூன்று ஞாயிறு, மூன்று வாய்ப்பு.

அந்த ஞாயிறோடு இரண்டு போய்விட்டன. இரண்டிலும் ஷைனி அதே ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமே என்கிறீர்களா? அவளுக்குக் குவைத் விசா வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் கிளம்புகிறாள். "அங்க மல எங்கட்டி இருக்கு? மணலுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மறுபடியும் சொன்னபோது சிரிக்கவில்லை.

ஒரு மெஷின் ஒரே இடத்தில் இரண்டு முறை நின்றால் அது துரதிர்ஷ்டம் இல்லை. காரணம் இருக்கிறது. கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

என் சைக்கிள் பதிவேட்டை எடுத்தேன். ஆமாம், அதற்கும் ஒன்று வைத்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம். சனிக்கிழமைப் பயிற்சிகள் ஆறு. ஆறிலும் ஷைனி அந்த ஏற்றத்தை என்னைவிடச் சுலபமாக ஏறியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு. இரண்டிலும் அவுட். அதே பாதை, அதே சைக்கிள், அதே கால்கள்... கிழமை மட்டும் வேறு.

"வெப்ராளம்" என்றார்கள் குழுவில். பந்தயப் பதற்றமாம். ஊசியைக் கண்டு அலறுகிறவர்களின் கையில் தினமும் நரம்பு தேடுகிறவளுக்குப் பதற்றமா? எனக்கு நம்பிக்கையில்லை. அந்தப் பிரிக்காத பழம்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. அதனால் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே கேள்வியை அனுப்பினேன் – பந்தயத்துக்கு முன்னால் என்ன சாப்பிடுவீர்கள்?

இவ்வளவு ஆர்வமாக இவர்கள் எதற்குமே பதில் சொன்னதில்லை.

கருங்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணன், குழுவிலேயே வேகமானவர், குரல் பதிவே அனுப்பினார். "மொத நாளு ராத்திரி நாலு புரோட்டா. அது இல்லேன்னா எனக்க சைக்கிளு ஸ்டார்ட் ஆவாது, கேட்டியா." ஒரு விளையாட்டு ஆசிரியருக்கு விடிகாலையில் பழங்கஞ்சியும் சுட்ட கருவாடும். ஒரு வங்கி அதிகாரி மூன்று மணி நேரத்துக்கு முன்னால் புட்டும் பயறும் சாப்பிடுவார், பப்படத்தை மட்டும் பந்தயம் முடிந்த பிறகுக்கு எடுத்துவைப்பார். ஏன் என்று கேட்டேன். "ஏதாவது ஒரு ஆசை வேணும்லா?" கத்தாரிலிருந்து திரும்பிய அஜின் பாக்கெட்டில் வரும் ஜெல்லை உறிஞ்சுவான். எனக்கும் ஒன்று தந்தான். எலுமிச்சை வாசனை போட்ட பசை.

என்ன சாப்பிடுகிறார்கள் என்பதில் ஒற்றுமையே இல்லை. புரோட்டாவுக்கும் ஜெல்லுக்கும் என்ன உறவு? ஆனால் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதியபோது ஒன்று தெரிந்தது. முந்தின இரவில் எல்லோரும் வயிறு நிறைய மாவுப்பொருள் சாப்பிடுகிறார்கள். பிறகு கிளம்புவதற்கு முன் எப்படியும் ஒரு முறை ஏதாவது உள்ளே போகிறது. யாருக்கும் நீண்ட இடைவெளி இல்லை.

என் பதிவேட்டில் 'காலை உணவு' என்று ஒரு கட்டம் உண்டு. ஷைனிக்கு இரண்டு ஞாயிறும் 'ஆம்' என்று இருந்தது. நேரம் எழுத எனக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை விடுப்பு. அவளைப் பார்க்க லேபுக்குப் போனேன். ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்டாம வந்தீயளா அண்ணாச்சி?"

"ஒண்ணும் சாப்புடல்ல மோளே."

ஷைனி ஊசியை எடுக்கவில்லை. "கடசியா வாயில என்ன போட்டிய? எத்தன மணிக்கு?"

"அது... ஆறரைக்கு ஒரு சாயா. ரெண்டு ரஸ்க். அதெல்லாம் சாப்பாட்டுல சேருமா?"

"சேரும் அண்ணாச்சி. நாளைக்கு வாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஷைனி என்னிடம் திரும்பினாள். "சாப்டியளான்னு கேட்டா ஒருத்தரும் உள்ளதச் சொல்லமாட்டாவ. இப்பிடிக் கேட்டாத்தான் வரும்."

நான் அந்தப் பெரியவர் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சரி, நீ சொல்லு. ஞாயித்துக்கிழம கௌம்பும் முன்ன கடசியா வாயில என்ன போட்ட? எத்தன மணிக்கு?"

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"சனிக்கிழம சாயங்காலம் ஏழு மணி. ரெண்டு சப்பாத்தி."

"காலைல?"

"காலைல பூச உண்டுல்லா."

"அதுக்கு?"

"நற்கருண வாங்கணும்லா. அதுக்கு முன்ன எப்பிடித் திங்கது?"

அவளுக்கு இதில் விளக்க ஒன்றுமே இல்லை. அவள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குத்தான் தெரியாது. சனிக்கிழமை நள்ளிரவு தாண்டினால், ஞாயிறு பூசையில் பாதிரியார் தரும் நற்கருணை அப்பத்தை வாங்கும்வரை தண்ணீர் தவிர எதுவும் இல்லை. இப்போது ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று திருச்சபையே சொல்லிவிட்டதாம். "அது எனக்கும் தெரியும். ஆனா எங்க வீட்டுல இப்பிடித்தான்" என்றாள்.

ஏழிலிருந்து ஏழரை. பன்னிரண்டரை மணி நேரம் வெறும் வயிறு. அதன்மேல் பதினெட்டு கிலோமீட்டர். இரண்டாவது வளைவுவரை வந்ததே அதிசயம்.

"பூச முடிஞ்சதும் தின்னுருக்கலாமே?"

"முடிஞ்சதும் ஒனக்க கார்ல ஏறணும். ரோடு முழுக்க திருப்பம். தின்னா வாந்தி வரும்."

"அப்ப பழத்த ஏன் வாங்கின?"

"ஒனக்க மொகம் வாடப்பிடாதுல்லா."

"நா சாப்டியான்னு கேட்டேன்லா? ஆமான்னியே?"

"எல்லாரும் ஆமான்னுதானட்டி சொல்லுவாவ!"

உண்மைதானே? நம் ஊரில் 'சாப்டாச்சா' என்று கேட்டால் யாராவது யோசித்துப் பதில் சொல்கிறோமா? பேருந்து நிறுத்தத்தில், போனில், கல்யாண வீட்டு வாசலில் – ஆச்சு, ஆச்சு, ஆச்சு. இல்லை என்று சொன்னால் கேட்டவர் அடுப்பு பற்றவைக்க வேண்டிவரும். அவரைச் சிரமப்படுத்துவானேன்? ஆக, நலமா என்று கேட்டதற்கு வந்த பதிலை அளவீடு என்று பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன். அதுவும் பேனாவால்.

பக்கத்து ஊரில் சனிக்கிழமை மாலைப் பூசை உண்டே, அதற்குப் போகலாமே என்று கேட்டுப் பார்த்தேன். அவள் சிரிஞ்சு டப்பாவை மூடியபடி சொன்னாள்: "ஞாயித்துக்கிழம மொதப் பூசைக்கு நாந்தான் பாடணும். கொயர்ல வேற ஆளில்ல. குவைத்துக்குப் பெய்ட்டா எங்க கோயில்ல எத்தன நாளு பாடப்போறேன்?"

அதற்குமேல் நான் கேட்கவில்லை. காற்றாலையில் வேலை பார்ப்பவள் காற்றோடு சண்டை போட மாட்டாள். காற்று வரும் திசைக்கு மெஷினைத்தான் திருப்ப வேண்டும். பூசை ஐந்தரை முதல் ஆறேகால். பந்தயம் ஏழரை. நடுவில் இருக்கும் ஒன்றேகால் மணி நேரத்தில் முக்கால்வாசி கார் பயணம். அதற்குள் வயிற்றைப் புரட்டாமல் எது உள்ளே போகும்?

வாரம் முழுவதும் சோதனை. ஒவ்வொரு நாளும் ஷைனி இரவு விரதம் மாதிரியே இருந்து, காலையில் என் காரில் ஏறி, அந்த ஏற்றத்தை மட்டும் ஓட்ட வேண்டும். பிறகு இருவரும் வேலைக்கு ஓட வேண்டும்.

செவ்வாய் – நேந்திரம்பழம். தக்கலை தாண்டியதும் கார் நின்றது. மேலே எழுதத் தேவையில்லை.

புதன் – குளுக்கோஸ் தண்ணீர். முதல் பாதியில் பறந்தாள். அடுத்த பாதியில் சுவிட்சை அணைத்தது போல நின்றாள்.

வியாழன் இரவு சப்பாத்தியை மாற்றினோம். மரச்சீனிக்கிழங்கும் மீன் குழம்பும், எட்டரை மணிக்கு, போதும் என்று சொன்ன பிறகும் இன்னும் ஒரு கரண்டி. வெள்ளி காலை கஞ்சித் தண்ணீரில் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கருப்பட்டி. பிளாஸ்க்கில் ஊற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு மட்டும். வாந்தி இல்லை. ஏற்றத்தின் உச்சியில் நின்று, "இன்னொரு மல உண்டுமா?" என்று கேட்டாள்.

கண்டுபிடித்துவிட்டோம்!

ஞாயிறு. ஐந்தேகாலுக்கே அவள் ஊர் கோயில் வாசலில் காரை நிறுத்திவிட்டேன். எனக்கான பழம் இரண்டு டேஷ்போர்டில் இருந்தன. பூசை தொடங்கியது. ஒலிபெருக்கியில் ஷைனியின் குரல். சைக்கிளில் என்னைத் திட்டும் அதே குரல் இவ்வளவு மென்மையாக வருமா? உள்ளே ஒருத்தி வெறும் வயிற்றோடு பாடிக்கொண்டிருக்க, வெளியே உட்கார்ந்து பழம் உரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்புறம் தின்னலாம் என்று வைத்துவிட்டேன்.

பூசை முடிந்ததும் அவள் அம்மா பிளாஸ்க்கோடு வந்தார். "மக்ளே, சூடு பாகமாட்டு இருக்கு. பையக் குடிக்கச் சொல்லு." வழியெல்லாம் நான் கடிகாரத்தைப் பார்த்து 'இப்ப ரெண்டு மடக்கு' என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். தோட்டத்தை அடைந்ததும் டயர் காற்று, பிரேக், எண் அட்டை.

"ஏட்டி, நீ சாப்டியா?" என்று கேட்டாள் ஷைனி.

"ஆமா" என்றேன்.

இரண்டாவது வளைவை ஷைனி தாண்டியபோது நான் கத்தியே விட்டேன். மூன்றாவதையும் தாண்டினாள். நான்காவதில் என் முன்சக்கரம் தானாக ஆட ஆரம்பித்தது. ரப்பர் மரங்கள் வரிசை மாறி நின்றன. இறங்கியது ஞாபகம் இருக்கிறது. உட்கார்ந்தது ஞாபகம் இல்லை.

ஷைனி திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். லேபில் கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

"கடசியா வாயில என்ன போட்ட? எத்தன மணிக்கு?"

"நேத்து ராத்திரி எட்டு மணி... ஒரு தோச."

"சவமே!"

அவள் முதுகுப் பையில் பிளாஸ்க் இருந்தது. அடியில் கால் தம்ளர் கஞ்சித் தண்ணீர், கருப்பட்டி மண்டியோடு. குடித்தேன். எழுந்து நிற்கப் பத்து நிமிடம் ஆயிற்று. போன ஞாயிறு அவளுக்கு ஆன அதே பத்து நிமிடம்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறு நிமிடம் கழித்து எல்லையைத் தொட்டோம். புரோட்டா அண்ணன் கடிகாரத்தை எங்களுக்குக் காட்டாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். ஷைனி ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றாள். மன்னிப்புக் கேட்க என்னிடம் நாலைந்து வாக்கியங்கள் இருந்தன. முதலாவதைத் தொடங்கினேன். அவள் என் கையில் தட்டினாள்.

"ரெண்டு ஞாயிறு நா. ஒரு ஞாயிறு நீ. இனி பேசாத. பசிக்கி, வா."

காரில் டேஷ்போர்டில் வெயிலில் கறுத்துக் கிடந்த பழங்களை ஆளுக்கு ஒன்று தின்றோம்.

இப்போதைய நிலை இதுதான். நீலகிரிக்கு எங்கள் குழுவிலிருந்து ஆண்கள் ஜோடி மட்டும் போகிறது. நேற்றைய ஞாயிறு, முதல் பூசை முடிந்து, நாங்கள் இருவரும் அதே பாதையை ஓட்டினோம் – எண் அட்டை இல்லாமல், பார்ப்பதற்கு ஆளில்லாமல். ஒரு மணி ஐம்பத்து நாலு நிமிடம். பதிவேட்டில் 'காலை உணவு' கட்டத்தை அடித்துவிட்டு, 'கடைசியாக என்ன, எத்தனை மணிக்கு' என்று இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறேன், இரண்டு பேருக்கும். ஷைனி கிளம்ப இன்னும் ஏழு ஞாயிறுகள் இருக்கின்றன.