ஸ்டோருல அடுக்கின உமி மூடை

குற்றாலத்துக்கு மேல, மலைக்குள்ள, கிராம்பும் ஏலமும் போட்ட ஒரு எஸ்டேட்டுல என் வீட்டுக்காரரு ஸ்டோர் கிளார்க். ஐம்பதுகளோட கடைசி அது. லைன் வீடுகள்ல இருந்த தொழிலாளிகளுக்கு வாராவாரம் அரிசி அளந்து போடுறது அவரு வேலை. நாங்க ரெண்டு பேரும் வாசுதேவநல்லூர்ப் பக்கம். குளத்துத் தண்ணிய விட்டா வேற தண்ணி பாக்காத ஆளு அவரு. நீச்சல் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தி இத யாரு விசாரிப்பா?

அதுவரைக்கும் மழைக்கு முன்னயே ஒரு மாச அரிசி மேல வந்து ஸ்டோருல அடுக்கிரும். புதுசா வந்த மானேசரு அத மாத்தினாரு. ஈரத்துல பாதி கெட்டுப் போகுது, மீதிய எலி திங்குது, கம்பெனிக்கு நட்டம். இனிமே அரிசி கீழ பஜார் குடோன்லயே இருக்கட்டும், வாரம் ஒரு தடவ வேணுங்கிறது மட்டும் கழுதையில மேல வரும்னாரு. சொன்ன காரணத்துல தப்பில்ல. எலி தின்னதும் நெசந்தான். ஆனா கூடவே இன்னொண்ணும் சொன்னாரு: "ஸ்டோர் காலின்னு தெரிஞ்சா லைன்காரங்க பயந்து இறங்கிப் போயிருவாங்க. பழையபடி மூடை அடுக்கி வைங்க."

எத வச்சு அடுக்க? உமிய வச்சு! தென்காசி மில்லுல இருந்து உமி வந்துது. அரிசி ஏத்த வேண்டிய கழுதை உமியச் சுமந்துக்கிட்டு மலையேறின கூத்த நான் என் கண்ணால பாத்தேன்.

"ஏங்க, இது நல்லதுக்கில்ல"ன்னேன்.

"மானேசர் சொல்லுதாரு. நான் என்ன செய்ய?"ன்னாரு. வீட்டுல வாய் கிழியப் பேசுற இந்த மனுசன், ஆபீஸ்னா ஊமை.

அன்னையிலேருந்து எனக்குப் பயந்தான். ஸ்டோருக்கும் எங்க வீட்டுக்கும் ஒரே சுவரு. எந்தப் பிள்ளையாவது குச்சிய விட்டு மூடையக் குத்திருமோன்னு வாசல்லயே கெடையாக் கெடந்தேன். ஒரு நாள் லைன்காரி ஒருத்தி, "என்னம்மா, இப்பம் எலித் தொல்லையே இல்ல போலிருக்கே?"ன்னு கேட்டா. எலிக்குத் தெரிஞ்சது மனுசங்களுக்கு எப்பம் தெரியப் போகுதோ!

ஐப்பசியில அடைமழை பிடிச்சுது. கீழ போற வழியில ஓடைக்குக் குறுக்க போட்டிருந்த மரப்பாலம் அடிச்சுக்கிட்டுப் போச்சு. கழுதை வரல. மானேசரும் கீழ ஊர்லதான் இருந்தாரு. லைன்ல ஒருத்தரும் பதறல. மழை வலுக்கதுக்கு முன்ன இறங்கியிருக்கலாம்; இறங்கல. ஸ்டோருலதான் கூரை முட்ட மூடை கெடக்கே! அவங்க நிம்மதியப் பாக்கப் பாக்க எனக்கு ராத்திரி தூக்கம் வரல. இவரு சோத்து முன்னால உக்காந்து பிசைஞ்சுக்கிட்டே இருப்பாரு, வாய்க்குப் போகாது.

அரிசி அளக்குற நாளு வந்துது. போன வாரத்து மிச்ச அரிசி பாதிப் பேருக்கு அளந்ததும் தீந்து போச்சு. இவரு படியக் கையில வச்சுக்கிட்டு நிக்காரு. லைன்காரங்கள வேலை வாங்குற கங்காணி, "அடுத்த மூடையப் பிரிங்கய்யா"ன்னாரு. இவரு படியக் கீழ வச்சுட்டுப் போயி ஒரு மூடைய அவுத்தாரு. உமி சரிஞ்சு இவரு காலு மேல விழுந்துது.

ஒருத்தரும் கத்தல. கத்தியிருந்தாக்கூட எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். அத்தன பேரும் அந்த உமியவே பாத்துக்கிட்டு நின்னாங்க. இன்னைக்கு இவர அடிச்சே கொல்லப் போறாங்கன்னு சுவரோட ஒட்டிக்கிட்டேன்.

"அரிசி எங்க?"ன்னாரு கங்காணி.

"கீழ குடோன்ல. நான் போயிக் கேட்டாத்தான் தருவாங்க."

"அப்பம் நீரு முன்ன எறங்கும்." அதுவரைக்கும் 'நீங்க'ன்னு பேசின வாய் அது.

நான் குறுக்க போயி விழுந்தேன். "அண்ணாச்சி, அவருக்கு நீச்சல் தெரியாது."

"எங்களுக்கும் உமி திங்கத் தெரியாது தாயி."

ஓடைக்கரையில இவரு இடுப்புல கயிறு கட்டினாங்க. தண்ணி செவசெவன்னு மரத்த உருட்டிக்கிட்டுப் போகுது. கயித்தோட இந்த முனையப் பிடிச்சிருக்கது யாரு? நாங்க ஏமாத்தின அதே ஆளுங்க. விட்டுட்டா யாரு கேக்கப் போறா? தண்ணியோட போயிட்டாருன்னு சொன்னா முடிஞ்சுது சோலி. நானும் ஓடிப் போயிக் கயித்தப் பிடிச்சேன். என்னத் தள்ளிப் போகச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன்.

நடு ஓடையில தலை முங்கிருச்சு. கயிறு வெடுக்குன்னு இழுத்ததுல எனக்கு உள்ளங்கைத் தோலு உரிஞ்சு போச்சு. ஐயோ, தாலி போச்சேன்னு அலறிட்டேன்.

"பிடிலே! விட்றாதலே! காலு ஊனிப் பிடிங்கலே!" கங்காணி தொண்ட கிழியக் கத்தினாரு. அந்தச் சத்தத்தக் கேட்டபொறவுதான் எனக்கு மூச்சு வந்துது.

தலை வெளிய தெரிஞ்சுது. இவரு அக்கரையில ஒரு வேரப் பிடிச்சுக் கவுந்து கெடந்தாரு. பொறவு எந்திரிச்சு, கயித்த அங்கன ஒரு மரத்துல கட்டினாரு. ஆம்பளைங்க அதப் பிடிச்சு எறங்கிப் போயி, சாயங்காலத்துக்குள்ள தலைச்சுமையா அரிசி கொண்டாந்தாங்க. அன்னைக்கு எல்லா வீட்டுலயும் அடுப்பு எரிஞ்சுது. எனக்குத்தான் தோலு உரிஞ்ச கையால தீக்குச்சி கிழிக்க முடியல.

மழை விட்டதும் மானேசரு மேல வந்தாரு. "பாத்தீங்களா, புது ஏற்பாடு தடங்கல் இல்லாம நடந்திருச்சு"ன்னாரு. இவரு வழக்கம்போலத் தலைய ஆட்டினாரு. எனக்கு வந்துது பாருங்க கோவம்! வேலை போயிரும்னு தெரியும்தான். இவரு இடுப்புல கட்டின அந்தக் கயிறு ஸ்டோர் ஆணியில தொங்குச்சு. அத எடுத்து மானேசரு கையில குடுத்தேன். "அடுத்த வெள்ளத்துக்கு நீங்க முன்ன இறங்குங்க சார்."

சிரிச்சுக்கிட்டேதான் வாங்கினாரு. பாறையில உரசி அந்து, ஒத்தப் புரியில நின்ன இடம் அவரு விரல்ல பட்டுது. அதத் தடவித் தடவிப் பாத்தாரு. முகம் வெளுத்துப் போச்சு.

"ஒரு மாச அரிசி வைக்க உள்ள இடம் இருக்கா?"ன்னு இவருகிட்டக் கேட்டாரு.

"உமி மூடைய எடுத்துட்டா இருக்கு சார்"ன்னாரு இவரு.